நக அளவு நட்சத்திரங்களோடு 14 மாதங்கள்

எங்கள் கடல்நீர் மீன்தொட்டியில் முதல் நட்சத்திர மீனைக் கண்டுபிடித்தவள் என் மகள். ஏப்ரல் மாதத்து இரவு ஒன்றில், தூங்கப் போகும் முன் கண்ணாடியில் மூக்கை ஒட்டி வைத்துக்கொண்டு நின்றவள், "அப்பா, இதற்கு ஒரு கால் மட்டும் குட்டையாக இருக்கிறது, பாவம்" என்றாள். உட்புறக் கண்ணாடியில் சாம்பல் வெள்ளையாக, மூக்குத்தி அளவில் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. நீளமான கைகள் மூன்று, முளைவிட்டதுபோல் குட்டையான கைகள் மூன்று. நான் அதைப் படமெடுத்து ஊரில் இருக்கும் அம்மாவுக்கு அனுப்பினேன். காசு கொடுக்காமல் ஒரு கடல் உயிர் வீட்டுக்கு வந்திருக்கிறதே என்று உண்மையிலேயே மகிழ்ந்தேன். அந்தக் குட்டைக் கைகள் எதைச் சொல்கின்றன என்று அன்று தெரிந்திருந்தால், அடுத்த 14 மாதங்கள் வேறு விதமாகப் போயிருக்கும்.

நான் சிங்கப்பூரில் இருக்கிறேன். வீவக எனும் அரசு வீடமைப்புக் கழகத்தின் அடுக்குமாடி வீட்டுக் கூடத்தில் மூன்றடித் தொட்டி, சுமார் 220 லிட்டர் கடல்நீர். இந்த வெயிலில் தண்ணீரை 26 டிகிரியில் வைத்திருக்க சில்லர் என்ற குளிரூட்டும் கருவி ஒன்று இரவும் பகலும் ஓடுகிறது. இரண்டு கோமாளி மீன்கள், ஒரு துப்புரவு இறால், மணலுக்குள் புதைந்து வாழும் ஒரு மணல் நட்சத்திரம், உயிர்ப்பாறைகளின் மேல் சில பவளங்கள். எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தவை ஸோவாக்கள். சட்டைப் பொத்தான் அளவில், நடுவில் ஒரு நிறமும் விளிம்பில் வேறு நிறமுமாக, விளக்கு எரிந்ததும் நூறு கண்கள் ஒன்றாகத் திறப்பதுபோல விரியும் பவள இனம் அது. அந்த மார்ச் மாதம் இரண்டு கூட்டங்களை 85 வெள்ளிக்கும் (சிங்கப்பூர் டாலர்) 110 வெள்ளிக்கும் வாங்கினேன். விற்றவர் தன் தொட்டியைக் கலைத்துக்கொண்டிருந்தார். பை சூடாகிவிடப் போகிறதே என்ற பதற்றத்தில் வீட்டுக்கு வந்ததும் வெப்பநிலையைச் சரிசெய்து நேராகத் தொட்டிக்குள் வைத்துவிட்டேன். பவளம் ஒட்டியிருந்த சிமென்ட் வில்லையைத் திருப்பிப் பார்க்கவில்லை. ஒரு நிமிட வேலை அது.

இந்தச் சின்ன நட்சத்திரத்தைக் கடைகளில் ஆஸ்டரினா என்பார்கள். அது ஒரே இனமல்ல. உருவத்தில் ஒத்த பல சின்னஞ்சிறு நட்சத்திர இனங்களை அந்தப் பெயரில் அழைக்கிறோம். பெரும்பாலானவை ஒரு சென்டிமீட்டரைத் தாண்டுவதில்லை. இணை தேட வேண்டிய தேவையும் அவற்றுக்கு இல்லை. உடலின் நடுவட்டு இரண்டாகப் பிளந்து, இரு பாதிகளும் எதிரெதிர்த் திசையில் நகர்ந்து, ஒவ்வொன்றும் இழந்த கைகளை வளர்த்துக்கொள்ளும். என் மகள் பாவம் என்று சொன்ன குட்டைக் கைகள் அப்படிப் புதிதாக முளைத்தவை. கைகள் சமமில்லாத ஒரு நட்சத்திரத்தைப் பார்த்தால், அதன் மறுபாதியும் தொட்டியில் எங்கோ இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மே மாதம் ஆறு. ஜூன் கடைசியில் முன்பக்கக் கண்ணாடியில் மட்டும் 38. ஊதா நிறச் சுண்ணாம்புப் பாசி படர்ந்திருந்த பின்கண்ணாடியில், ரப்பரால் அழித்ததுபோல வெளுத்த தடங்கள் தெரிய ஆரம்பித்தன. அப்போதும் நான் பெரிதாகக் கவலைப்படவில்லை. ஜூலை முதல் வாரம் 110 வெள்ளி ஸோவாக் கூட்டத்தின் ஒரு ஓரம் திறக்கவில்லை. மறுநாளும் திறக்கவில்லை. நான்காம் நாள் காலை விளக்கு எரிந்ததும் பார்த்தேன்: மூடிய மொட்டுகளின் மேல் இரண்டு நட்சத்திரங்கள் அசையாமல் படுத்திருந்தன. எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தாலும் ஆச்சரியமாக இருக்கிறது. உப்புக் கரைத்து, கண்ணாடி துடைத்து, மின்சாரக் கட்டணம் கட்டி, குழந்தைபோல வளர்த்ததை வாடகை கூடக் கொடுக்காமல் வந்தவை தின்கின்றனவே என்றுதான் தோன்றியது.

கோபத்தில் செய்த முதல் காரியம், இடுக்கியைத் தண்ணீருக்குள் விட்டு அவற்றை அங்கேயே நசுக்கியது. ஒரு மாலையில் இருபது இருக்கும். சில துண்டாகிப் பாறை இடுக்குகளில் விழுந்தன. நடுவட்டில் ஒரு பங்கு ஒட்டியிருந்தால் துண்டும் பிழைத்து வளரக்கூடும் என்பது பிறகுதான் தெரிந்தது. ஆகவே நசுக்குகிற, வெட்டுகிற எந்த வேலையையும் தொட்டிக்குள் செய்யாதீர்கள். முழுசாக வெளியே எடுங்கள். எடுப்பதற்கு இடுக்கியைவிட நல்ல கருவி, காற்றுக் குழாய்க்குப் பயன்படும் மெல்லிய பிளாஸ்டிக் குழாய். ஒரு முனையை நட்சத்திரத்தின் மேல் வைத்து, மறுமுனையைக் கீழே இருக்கும் வாளியில் விட்டு உறிஞ்சவிட்டால், பிடிப்பை விட்டுத் தண்ணீரோடு போய்விடும். கண்ணாடியில் இறுகப் பிடித்திருந்தால் பழைய பிளாஸ்டிக் அட்டையின் விளிம்பால் மெல்ல நெம்பிக்கொண்டே உறிஞ்ச வேண்டும். வாரந்தோறும் மாற்ற வேண்டிய தண்ணீரை இந்த வழியில் வெளியேற்றினால் ஒரே வேலையில் இரண்டும் முடியும்.

இரண்டாவது காரியம்தான் பெரிய இழப்பு. நட்சத்திரங்கள் அதிகமாக ஒளிந்திருந்த ஒரு பாறையை, ஏழெட்டுக் கிலோ இருக்கும், வெளியே எடுத்தேன். கொதிநீரை ஊற்றிவிடலாம் என்ற எண்ணத்தில் அடுப்பில் பெரிய பாத்திரத்தை ஏற்றிவிட்டேன். தண்ணீர் சூடாகும் நேரத்தில், அதே பாறையில் ஒட்டியிருந்த பாலித்தோவா என்ற, ஸோவாவைப் போன்ற பழுப்பு நிற உயிரை என்ன செய்வது என்று தேடிப் படித்தேன். படித்ததும் அடுப்பை அணைத்தேன். இந்த இடத்தில் மட்டும் தயவுசெய்து நிதானமாகப் படியுங்கள். பாலித்தோவாவிலும் அதன் உறவான சில ஸோவாக்களிலும் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கக்கூடும். அவை ஒட்டிய பாறையைக் கொதிக்க வைத்தாலோ, கொதிநீர் ஊற்றினாலோ, வறண்ட தூரிகையால் தேய்த்தாலோ நஞ்சு ஆவியிலும் துகள்களிலும் கலந்து மூச்சோடு உள்ளே போகும். 2018-இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டுஷர் பகுதியில், வீட்டுத் தொட்டியைச் சுத்தம் செய்தபோது இப்படி நஞ்சு பரவி, ஒரு குடும்பமும் உதவிக்கு வந்த அவசரப் பணியாளர்களும் மருத்துவமனைக்குப் போக நேர்ந்தது. எங்கள் வீட்டில் சமையலறைக்கும் மகளின் அறைக்கும் நடுவில் ஒரு சுவர்தான். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பவளப் பாறையைச் சமையலறைக்குக் கொண்டுபோகாதீர்கள். ஸோவாவை வெட்டவோ சுரண்டவோ வேண்டியிருந்தால் கையுறையும் கண்ணாடியும் அணிந்து, கையில் காயம் எதுவும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, நீரில் மூழ்கியிருக்கும்போதே செய்யுங்கள்.

கொதிநீர் எண்ணத்தைக் கைவிட்டேனே தவிர, பாறையை விடவில்லை. நல்ல தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்துவிட்டு, காலையில் அப்படியே தொட்டிக்குள் திருப்பி வைத்தேன். நட்சத்திரங்கள் செத்திருந்தன, சரி. அவற்றோடு அந்தப் பாறையின் துளைகளில் இருந்த புழுக்களும் பஞ்சுகளும் கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்களும் செத்திருந்தன. உயிர்ப்பாறை என்பது தொட்டியின் கழிவைச் செரிக்கும் வயிறு. அந்த வயிற்றில் ஒரு பங்கைக் கொன்று, அழுகுவதற்கு அதே தண்ணீரில் போட்டிருக்கிறேன். மூன்றாம் நாள் தண்ணீர் கலங்கியது. சோதனைக் குழாயில் மஞ்சளாக இருக்க வேண்டிய திரவம் பச்சையாக நின்றது. அமோனியா. நான்கு நாட்கள் தொடர்ந்து தண்ணீர் மாற்றினேன். அதற்குள் 28 வெள்ளித் துப்புரவு இறால் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. 70 வெள்ளிக்கு வாங்கிய சுத்தியல் பவளத்தின் ஒரே தலையும் சதை உரிந்து எலும்பாக நின்றது. உப்புக்கு மட்டும் 65 வெள்ளி. நட்சத்திரங்கள் மூன்று மாதத்தில் செய்யாத சேதத்தை நான் ஓர் இரவில் செய்திருந்தேன். ஒரு நண்பர் செம்பு மருந்தை ஊற்றச் சொன்னார். செம்பு நட்சத்திரங்களைக் கொல்லும், பவளத்தையும் இறாலையும் நத்தையையும் சேர்த்துக் கொல்லும், பாறையிலும் மணலிலும் தங்கி நீண்டகாலம் கசிந்துகொண்டிருக்கும். நல்லவேளை, அதை நான் வாங்கவில்லை.

என் மனைவிதான் அப்போது கேட்டாள்: "அது ராத்திரியில் என்னதான் தின்கிறது என்று ஒருநாளாவது உட்கார்ந்து பார்த்தீர்களா?" பார்க்கவில்லை. காலையில் மொட்டின் மேல் படுத்திருந்ததைப் பார்த்தேன், தீர்ப்பு எழுதிவிட்டேன்.

ஆகஸ்ட் மாதத்தில் மூன்று இரவுகள், பதினொரு மணிக்கும் இரண்டு மணிக்கும், கைவிளக்கில் சிவப்புத் தாளைச் சுற்றிக்கொண்டு தொட்டி முன் அமர்ந்தேன். சிவப்பு வெளிச்சத்தில் அவை அவ்வளவாக மிரள்வதில்லை. ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியும் கையில் இருந்தது. கண்ணாடியில் ஒட்டியிருந்த ஒன்றை வெளியிலிருந்து, அதாவது அதன் அடிப்பக்கத்திலிருந்து பார்த்தேன். ஒவ்வொரு கையின் அடியிலும் இரு வரிசையாகக் குழாய்க்கால்கள், கண்ணாடி நூல்போல, ஒவ்வொன்றும் நீண்டு, ஒட்டி, சுருங்கி, அடுத்ததற்கு இடம்விட்டது. நடுவில் வாயிருக்கும் இடத்திலிருந்து பால் ஏடு போன்ற மெல்லிய படலம் ஒன்று வெளியே விரிந்து பாசியின் மேல் படிந்திருந்தது. அது அதன் இரைப்பை. உணவை உள்ளே கொண்டுபோகாமல், இரைப்பையை வெளியே கொண்டுவந்து உணவின் மேல் விரித்துச் செரிக்கும். கால் மணி நேரம் கழித்துப் படலம் உள்ளே சுருங்கியது, நட்சத்திரம் அரை விரற்கடை நகர்ந்தது, அந்த இடத்தில் ஒரு வெளுத்த வட்டம் மிஞ்சியது. அந்த 15 நிமிடமும் நான் கோபப்படவே மறந்துபோனேன்.

மூன்று இரவுகளின் முடிவில் தெரிந்தது இதுதான். கண்ணாடியிலும் பாறையிலும் இருந்த பெருங்கூட்டம் பாசியையும் படிந்த மென்படலத்தையும்தான் மேய்ந்தது, ஸோவாக்களின் பக்கம் போகவில்லை. ஆனால் அவற்றைவிடச் சற்றுப் பெரிய, பழுப்புத் திட்டுகள் உள்ள ஏழெட்டு நட்சத்திரங்கள் ஒவ்வோர் இரவும் ஸோவாக்களின் மேலேயே இருந்தன. அவற்றில் ஒன்றை மெல்லத் தூக்கியபோது அடியில் இருந்த மொட்டின் தோல் கரைந்து கொழகொழப்பாக இருந்தது. இதோடு இன்னொரு குற்றவாளியும் அகப்பட்டது. ஸோவாக் கூட்டத்தின் அடிப்புறத்தில் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் சுழன்று ஏறும் ஓட்டோடு இரண்டு சிறு நத்தைகள். பார்க்க அழகானவை. சூரியக் கடிகார நத்தை என்று அழைக்கப்படும் அவை ஸோவாக்களைத் தின்றே வாழ்பவை. அதே சிமென்ட் வில்லையில்தான் வந்திருக்க வேண்டும். 195 வெள்ளி ஸோவாக்களில் எத்தனையை நத்தை தின்றது, எத்தனையை நட்சத்திரம் தின்றது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. நான் பழிவாங்கிய பெருங்கூட்டம் ஸோவா எதையும் தின்னவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

நத்தைகளை அன்றே எடுத்தேன். ஸோவாக்களின் மேல் ஏறும் நட்சத்திரங்களை மட்டும் பத்து இரவுகள் தொடர்ந்து குழாயால் உறிஞ்சினேன். எட்டாம் நாள், மிஞ்சியிருந்த பதினேழு மொட்டுகளில் ஐந்து திறந்தன. உங்கள் பவளம் மூடிக்கொண்டால் முதலில் இந்தப் பத்து நாள் சோதனையைச் செய்யுங்கள். திறந்தால் காரணம் தெரிந்துவிட்டது. திறக்காவிட்டால் உப்பின் அளவையும் காரத்தன்மையையும் வெளிச்சத்தையும் சந்தேகப்படுங்கள். நோயில் வாடும் பவளத்தின் மேலும் நட்சத்திரங்கள் வந்து உட்காரும், ஆகவே மேலே இருப்பதாலேயே அது கொன்றதாகிவிடாது.

இவை இவ்வளவு பெருகியதற்கு நானும் உணவிட்டிருக்கிறேன். உறைந்த இறால்குஞ்சுக் கட்டியைக் கழுவாமல் அப்படியே போடுவேன், மீன் இரண்டுதானே என்று யோசிக்காமல் முழுக் கட்டியையும் போடுவேன். மிச்சமெல்லாம் பாசியாகி, பாசி நட்சத்திரமாகியது. கட்டியை வடிகட்டியில் வைத்துக் கழுவி, கால் பங்காகக் குறைத்தேன். ஒரு நோட்டில் தினமும் இரவு பதினொரு மணிக்கு முன்கண்ணாடியின் எண்ணிக்கையை எழுதினேன். மூன்று வாரங்களில் 61 என்பது 34 ஆனது. அப்படியே தொடர்ந்திருக்க வேண்டும். இன்று இந்த நிலைமை மறுபடி வந்தால் அப்படித்தான் செய்வேன். ஆனால் அன்று எனக்குப் பொறுமை இல்லை. செப்டம்பரில் 96 வெள்ளி கொடுத்து ஒரு ஜோடி ஹார்லிகுவின் இறால்களை வாங்கிவந்தேன்.

அந்த இறால்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். தந்தம் போன்ற வெள்ளை உடல், அதில் ஊதாவும் இளஞ்சிவப்பும் கலந்த பெரிய திட்டுகள், வெற்றிலையை விரித்ததுபோன்ற தட்டையான கொடுக்குகள். கதகளி ஆடுபவர்போல அங்குலம் அங்குலமாகக் காலெடுத்து வைக்கும். ஆணும் பெண்ணும் பிரியாது. நட்சத்திர மீன்களைத் தவிர வேறு எதையும் அவை தம் உணவாக ஏற்பதில்லை. வாசனையாலேயே இரையைக் கண்டுபிடித்து, ஒன்று பிடித்துக்கொள்ள மற்றது நெம்ப, நட்சத்திரத்தைப் பாறையிலிருந்து பெயர்த்து மல்லாக்கப் புரட்டி, குழாய்க்கால்களிலிருந்து தின்னத் தொடங்கும். முதல் வாரம் அவை வெளியே வரவேயில்லை. இரண்டாம் வாரத்திலிருந்து எண்ணிக்கை சரிந்தது. மூன்றாம் வார முடிவில் 19. டிசம்பர் நடுவில் எட்டு இரவுகள் தொடர்ந்து நோட்டில் பூஜ்யம் எழுதினேன்.

இதில் நான் யோசிக்கத் தவறிய ஒன்று உண்டு. இறாலுக்கு, வேண்டாத நட்சத்திரம், வேண்டிய நட்சத்திரம் என்ற பேதம் கிடையாது. அக்டோபர் மாதத்து ஒரு காலையில், மணலுக்குள் எப்போதும் புதைந்திருக்கும் என் மணல் நட்சத்திரம் மேலே மல்லாந்து கிடந்தது, இரண்டு கைகளின் நுனி இல்லை. இறால்கள் இரண்டும் அதன் மேலேயே இருந்தன. எடுத்து வேறு பாத்திரத்தில் வைத்தும் பிழைக்கவில்லை. கடையில் விலை 14 வெள்ளிதான். ஆனால் அது இரண்டு வருடம் என்னோடு இருந்தது. சிறிய தொட்டிகளில் மணல் நட்சத்திரங்கள் பசியால் சாவது வழக்கம் என்பதால், வாரம் ஒருமுறை சிப்பிச் சதையைத் துண்டாக்கி, அது புதைந்திருக்கும் இடத்தில் மணலுக்குள் செருகுவேன். அப்படிக் காப்பாற்றியதை நானே கொண்டுவந்த இறாலுக்குக் கொடுத்துவிட்டேன். அலங்கார நட்சத்திரம் எதை வைத்திருந்தாலும், ஹார்லிகுவின் வரும் முன் அதை வேறு இடத்துக்கு மாற்றிவிடுங்கள்.

நட்சத்திரங்கள் தீர்ந்த பிறகு வருவதைப் பற்றி எனக்கு யாருமே சொல்லவில்லை. விற்றவரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இறால்கள் பசியோடு தொட்டி முழுக்க அலைந்தன. மீனுணவு போட்டேன், இறால்குஞ்சு போட்டேன், சிப்பி போட்டேன், கொடுக்கால் தொட்டுவிட்டு விலகின. பிறகு கடையில் சாக்லேட் சிப் நட்சத்திரம் என்ற பெயரில் விற்பதை ஒன்பது வெள்ளிக்கு ஒன்று என வாங்கிவந்தேன். பழுப்பு உடலில் கறுத்த குமிழ்கள் வரிசையாக நிற்கும் நட்சத்திரம் அது. பையிலிருந்து எடுத்து உள்ளங்கையில் வைத்தபோதுதான் எங்கே பார்த்திருக்கிறேன் என்று நினைவு வந்தது. சில வருடங்களுக்கு முன் தன்னார்வலர்கள் சிலரோடு ஒரு விடியற்காலைத் தாழ்நீரில் சிங்கப்பூர்க் கடலில் இருக்கும் சைரீன் பவளத்திட்டுக்குப் படகில் போயிருந்தேன். ஒருபக்கம் பெட்ரோலிய ஆலைகள், மறுபக்கம் துறைமுகத்தின் பாரந்தூக்கிகள், நடுவில் கடற்புல் வெளியில் கைக்கு எட்டும் தூரத்தில் இதே குமிழ் நட்சத்திரங்கள், சிவப்பும் பழுப்புமாக. ஒன்றைக்கூட மிதித்துவிடக் கூடாதென்று அன்று பார்த்துப் பார்த்துக் கால் வைத்தேன். இப்போது அதே இனத்தை உயிரோடு இறாலுக்கு முன் வைத்துவிட்டு விளக்கை அணைக்கிறேன். தின்று முடிக்க அவற்றுக்குப் பல நாட்கள் ஆகும், அதுவரை நட்சத்திரம் உயிரோடு இருக்கும். மகள் அந்த வாரம் தொட்டிப் பக்கமே வரவில்லை.

நட்சத்திரத்தை வேறு தொட்டியில் வளர்த்து, வாரத்துக்கு ஒரு கையை மட்டும் வெட்டிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். கை மறுபடி முளைக்கும் என்பதால் அது சரியான வழி என்கிறார்கள். நான் ஒருமுறை முயன்றேன், இரண்டாம் முறை வெட்ட எனக்கு மனம் வரவில்லை. நான்கு நட்சத்திரங்களை உயிரோடு கொடுத்த பிறகு, உறைய வைத்த நட்சத்திரத்தின் கையையும் இறால் ஏற்கும் என்று தெரிந்தது. அதன்பின் மூன்று நட்சத்திரங்கள் மிச்ச மாதங்களுக்குப் போதுமாயின. வாரம் ஒரு கை, இரண்டு நாளில் மிச்சத்தை வெளியே எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் கெடும். எப்படிக் கொடுத்தாலும், ஹார்லிகுவினை வாங்கும் நாளிலேயே இந்தச் செலவையும், அதைவிட முக்கியமாக, உங்கள் தொட்டி காலியானதும் அதை யாரிடம் கொடுக்கப் போகிறீர்கள் என்பதையும் முடிவு செய்துகொள்ளுங்கள். கடற்கரையிலிருந்து நட்சத்திரம் பிடித்துவந்து போடலாம் என்று ஒருவர் சொன்னார். அதைச் செய்யாதீர்கள். கடலின் நட்சத்திரங்கள் நம் தொட்டிக்குத் தீனியல்ல.

பிப்ரவரியில் ஆண் இறால் தோலுரிக்கும்போது இறந்தது. தோல் பாதி கழன்ற நிலையில் கிடந்தது. டிசம்பர் கடைசியில் மூன்று வாரம் அதற்குச் சரியான உணவில்லாமல் போனது காரணமாக இருக்கலாம் என்று இன்றும் உறுத்துகிறது. பெண் இறால் அடுத்த சில நாட்கள் அவை சேர்ந்திருக்கும் பாறை இடுக்கிலேயே இருந்தது.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் கணக்கைக் கூட்டினேன். ஸோவா 195, துப்புரவு இறால் 28, சுத்தியல் பவளம் 70, உப்பு 65, ஹார்லிகுவின் 96, அதற்குத் தீனியாக ஏழு நட்சத்திரங்கள் 63, மணல் நட்சத்திரம் 14. மொத்தம் 531 வெள்ளி. இதில் ஆஸ்டரினா தின்றதற்கான பங்கு, அதிகபட்சமாகப் பார்த்தாலும், ஸோவாக்களில் ஒரு பகுதிதான். மற்றதெல்லாம் அவசரத்துக்கு நான் கொடுத்த விலை. அந்தப் பணத்தில் ஐம்பது வெள்ளிக்கு ஒரு சின்னக் கண்ணாடித் தொட்டியும் ஒரு வடிகட்டியும் வாங்கியிருந்தால் போதும். இப்போது என்னிடம் அது இருக்கிறது. புதிதாக எந்தப் பவளம் வந்தாலும் முதலில் சிமென்ட் வில்லையிலிருந்து பெயர்த்து, பழைய வில்லையைத் தூக்கி எறிந்துவிட்டு, பவளத்துக்கென விற்கும் மருந்து நீரில் குறிப்பிட்ட நேரம் முக்கி, புதிய வில்லையில் ஒட்டி, ஆறு வாரம் அந்தச் சின்னத் தொட்டியில் வைக்கிறேன். மருந்து நீரில் எல்லா நட்சத்திரமும் சாவதில்லை, நத்தை முட்டைகளும் தப்பும், ஆகவே அந்த ஆறு வாரத்தில் வாரம் இரண்டு இரவு சிவப்பு விளக்கோடு பார்க்கிறேன். சென்ற மாதம் ஒரு துண்டில் சமமில்லாத கைகளோடு ஒன்று இருந்தது. அதன் மறுபாதியைக் கண்டுபிடிக்க நான்கு நாள் ஆனது.

மே மாதத்தில் பெண் இறாலை ஒரு இளைஞரிடம் கொடுத்தேன். அவர் தொட்டியில் ஆஸ்டரினா நூற்றுக்கணக்கில் இருப்பதாகச் சொன்னார். முதலில் மூன்று இரவு பார்க்கச் சொன்னேன், பார்த்துவிட்டுப் படங்களோடு வந்தார். அவருடைய ஸோவாக்களை உண்மையாகவே தின்றுகொண்டிருந்தன. இறால் இருந்த டப்பாவை எம்ஆர்டி ரயில் நிலைய வாசலில் அவர் கையில் கொடுப்பதற்கு முன், வேறு நட்சத்திரம் எதையாவது வைத்திருக்கிறீர்களா என்று கேட்டேன். மணல் நட்சத்திரம் ஒன்று இருக்கிறது, அதை ஒன்றும் செய்யாதுதானே என்றார். நான் டப்பாவைக் கொடுக்காமல் அவரோடு அவர் வீட்டுக்கே போனேன். கையைவிட்டு மணலைத் துழாவி அதை எடுத்துப் பையில் போட்டுக் கட்டிய பிறகுதான் இறாலை உள்ளே விட்டோம். அவருடைய நட்சத்திரம் இப்போது எங்கள் வீட்டில் இருக்கிறது. உப்பின் அளவு சட்டென மாறினால் நட்சத்திரங்கள் தாங்காது என்பதால், அன்றிரவு ஒரு வாளியில் அதை வைத்து, மெல்லிய குழாயில் முடிச்சுப்போட்டு, எங்கள் தொட்டித் தண்ணீரை மூன்று மணி நேரம் சொட்டுச் சொட்டாக விட்டோம். மகள் பக்கத்தில் அமர்ந்து கைகளை எண்ணினாள். ஐந்து, எல்லாம் ஒரே நீளம்.